செட்டு கேக்குற தூரம்

— மறுபடியும் கடிச்சிடுச்சிப்பா மெக்கானிக்கு. இனிமே உன் பொட்டிய நான் தொட மாட்டேன்.

— பவர் சப்ளை கடிக்குமா யக்கா? பல்லு இருக்குதான்னு பாத்தியா?

— பல்லு இல்லாமதான் கடிக்குது. செட்டு சத்தத்த கூட்டலாம்னு கைய வெச்சேன், கட்டெறும்பு மாதிரி சுருக்குன்னுது. முழங்கை வரைக்கும் ஏறிடுச்சி.

— எங்க, நான் தொடறேன் பாரு. இதோ ஒரு கை. இதோ ரெண்டு கை. இன்னா ஆச்சி? ஒண்ணும் ஆவல. தெய்வசிகாமணி செஞ்ச பொட்டி, கணக்குப்படி செஞ்சது. கடிக்காது.

— போன பொட்டியும் கணக்குப்படி தான்னு சொன்ன. டப்புனு வெடிச்சி, பக்கத்து கொட்டாயில வலை பின்னிகினு இருந்தவங்க எல்லாம் எழுந்து ரோட்டுக்கு ஓடிட்டாங்க.

— அத ஏன் இப்ப இழுக்கற?

— நான் இழுக்கல. குப்பமே அத ஞாபகம் வெச்சிருக்குது. பண்டிகைக்கு வெடி வாங்கணுமா, இல்ல மெக்கானிக்க கூப்புட்டா போதுமான்னு சுலோசனா நேத்து கேக்கறா.

— கேப்பாங்க, கேப்பாங்க. மரக்காணம் பஜார்ல டிவி ரிப்பேரு பாத்துகினு நிம்மதியா இருந்தவன் நான். நீ தான வந்து கடை வாசல்ல உக்காந்த. உங்க வயர்லெஸ் செட்டுக்கு நல்ல பொட்டி ஒண்ணு செஞ்சி குடுக்கறேன்னு நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்னுட்ட. ஊர்ல எல்லா பொம்பளைங்களும் புருசன் கடலுக்கு போனா சாமிக்கு ஒரு கற்பூரத்த காட்டிட்டு வேலைய பாக்கறாங்க. நீ ஒருத்தி தான், செட்டுல குரலு கேக்குற தூரம் தாண்டி போவக்கூடாதுன்னு எல்லையம்மா மேல சத்தியம் வாங்கனவ.

— வாங்கனேன். இல்லன்னு சொல்லலயே. சுனாமி அலை வந்துட்டு போன ஈரம் கூட காயல அப்போ. அவரு குரலு எனக்கு கேக்கணும், என் குரலு அவருக்கு கேக்கணும், அதுக்கு மேல ஒரு அடி போவக்கூடாதுன்னு கேட்டேன். உடனே சரின்னு கற்பூரத்துல அடிச்சாரு. இப்ப ஒண்ணர வருசம் ஆச்சி. போதும்யா, நானே திருப்பி எடுத்துக்கறேன்னா, அம்மன் மேல பண்ணத எப்டிடி திருப்பறதுன்றாரு.

— அதான். சத்தியத்த முறிக்க கூடாது. ஆனா நீட்டிக்கலாம். நீட்டறதுக்கு தெய்வசிகாமணி பவர் சப்ளை செய்யணும். எங்க ஊரு பிரம்மதேசத்துல எங்கப்பா கிட்ட சொன்னேன். ஏர் ஓட்டறத வுட்டுட்டு படிக்கப் போனியே, இதுக்கு தானாடான்னாரு.

— சிரிக்கற நேரமா இது? இன்னிக்கி பெரியகல்ல தாண்டியே ஆவணும்னு பிரபாகரனும் குப்புசாமியும் சொல்லிட்டுதான் படகுல ஏறியிருக்கறாங்க. தாண்டலன்னா நாளையிலேர்ந்து பஞ்சநாதன் படகுக்கு போயிடுவாங்களாம். கரையோரமே சுத்திகினு கவலை, காரப்பொடின்னு பொடி மீனா புடிச்சிகினு இருந்தா எங்க புள்ள குட்டிங்க எப்டிக்கா சாப்பிடும்னு கேக்கறாங்க. தப்பா சொன்னாங்க? ரெண்டு பேரும் போயிட்டா இந்த மனுசன் ஒத்த ஆளா இன்னா பண்ணுவாரு? படக கவுத்து போட்டு பூட்டு போட வேண்டியது தான்.

— பெரியகல்லு, பெரியகல்லு. தூக்கத்துல கூட அந்த பேரு தான் எனக்கு.

— மொதல்ல அது கரையில இருக்கற கல்லுன்னு நெனச்ச ஆளு தான நீ? நடந்து போயி தாண்டிட்டு வந்துடலாமே யக்கான்னு கேட்ட.

— எனக்கு எப்டி தெரியும்? எங்க ஊர்ல கல்லுன்னா கல்லு. கடலுக்கு அடியில பாறை, அத சுத்தி தான் வஞ்சிரம் மேயும்னு யாரு சொன்னாங்க எனக்கு? சரி, இன்னொரு தடவ தொடு. கடிக்குதான்னு பாப்போம்.

— நீ தொடு. நான் எதுக்கு?

— நான் தொட்டா தான் ஒண்ணும் ஆவலையே. உனக்கு பயம் யக்கா. குப்பமே சொல்றது சரியாத்தான் இருக்குது. அஞ்சம்மாவுக்கு மனசு முழுக்க பயம், நெழல பாத்தாலே பேயிம்பான்னு.

— ஆமா ஆமா, நான் தான் பயந்தாங்கொள்ளி. சொல்லு, நீயும் சொல்லு. மொதல்ல அந்த செருப்ப கழட்டு. செட்டு பக்கத்துல தான் எல்லையம்மா படம் மாட்டியிருக்குது. காலைலேர்ந்து சொல்லிகினே இருக்கறேன், தேட்டருக்குள்ள வர மாதிரி செருப்போட வந்து நிக்கற.

— மறந்துட்டேன். இதோ கழட்டிட்டேன். போதுமா? தரை எல்லாம் சில்லுனு ஈரமா இருக்குதே. அம்மா தாயே, மன்னிச்சிக்கோ. இந்த பொட்டிய நல்லபடியா நீ தான்... அய்யோ.

— இன்னாப்பா?

— ஒண்ணுமில்ல.

— கைய ஒதர்ற. கண்ணுல தண்ணி வருது. ஒண்ணுமில்லயா?

— கடிச்சிடுச்சி.

— பல்லு இருக்குதான்னு பாத்தியா?

— கொஞ்ச நேரம் சிரிக்காம இரு யக்கா. எனக்கு புரிஞ்சிடுச்சி. கடையில மாடி மேல, மர ஸ்டூலு மேல, செருப்போட ஒக்காந்து டெஸ்ட்டு பண்ணேன். இங்க மணல் தரை, உப்புத்தண்ணி ஈரம், வெறுங்காலு. நான் தொட்டா ஒண்ணுமில்ல, நீ தொட்டா கடிக்குது. இத்தினி நேரம் உன்ன கிண்டல் பண்ணிகினு இருந்தேன் பாரு.

— பொட்டி கெட்டுப் போச்சா? அவரு போயிகினே இருக்கறாருப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல கல்லுகிட்ட போயிடுவாரு.

— கெட்டுப் போவல. நான் தான் ஒண்ண வுட்டுட்டேன். சொல்றேன் கேளு. உனக்கு புரியற மாதிரி சொல்றேன்.

— எனக்கு புரியற மாதிரி எதுக்கு சொல்ற? உனக்கு புரியற மாதிரி சொல்லு, சரியா செய்வ.

— செட்டோட மொதல்ல வந்த பொட்டி ஞாபகம் இருக்குதா? தூக்கவே முடியாதே, இரும்பு டிரான்ஸ்பார்மரு. கரண்டு சரியா இருந்தா அது ராஜா. ஆனா காலைல உப்பளத்துல மோட்டாருங்கள எல்லாம் போட்டுடுவாங்க. லைன்ல பாதி தான் மிச்சம் நம்மளுக்கு வரும். லைன்ல எவ்ளோ கொறையுதோ அதுவும் அவ்ளோ கொறைச்சி தான் குடுக்கும். நீ மைக்கு பட்டன அமுக்கினதும் செட்டு செத்துப் போயிடும்.

— ஆமா. சாப்பிட்டியான்னு ஆரம்பிப்பேன், சாப்போட நின்னுடும்.

— அதுக்கு தான் சுச்சிங் பொட்டின்னு முடிவு பண்ணேன். உப்பளத்துல மடை தொறப்பாங்கல்ல, தண்ணி வேகமா வந்தா சட்டுனு மூடுவாங்க, மெதுவா வந்தா கொஞ்ச நேரம் தொறந்து வுடுவாங்க. பாத்தில தண்ணி மட்டம் ஒரே மாதிரி நிக்கும். இதுவும் அதான். உள்ள மாஸ்பெட்டுன்னு ஒரு சுச்சி இருக்குது. செகண்டுக்கு அறுபதாயிரம் தடவ தொறந்து மூடுது. லைன்ல கரண்டு கொறைஞ்சா தொறந்து வெக்கற நேரத்த கூட்டிக்குது. அதனால இந்தப் பக்கம் எப்பவும் ஒரே அளவு.

— அந்த மடைக்காரன் தான ராத்திரி வெடிச்சி செத்தான்?

— அது என் தப்பு தான். கரண்டு எவ்ளோ எறங்கும்னு பாத்தேன், எவ்ளோ ஏறும்னு பாக்கல. ராத்திரி எல்லா மோட்டாரும் நின்னதும் லைன்ல கரண்டு மேல ஏறிடுது. அது போதாதுன்னு மூடற நேரத்துல டிரான்ஸ்பார்மரு திருப்பி ஒதைக்கும். ரெண்டும் சேந்து, அறநூறு வோல்ட்டு தாங்கற மாஸ்பெட்டு போயிடுச்சி. இப்ப போட்டிருக்கறது எண்ணூறு தாங்கும். ஒதைய வாங்கிக்க பக்கத்துலயே ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வெச்சிட்டேன்.

— அத வாங்கறதுக்கு தான மெட்ராஸ் போயி, ரிச்சி ஸ்ட்ரீட்ல காலைலேர்ந்து சாய்ந்திரம் வரைக்கும் சுத்தின? எங்க மாமியாரு கல்யாண பொடவை எடுக்கறப்போ கூட இவ்ளோ பொரட்டல.

— பொடவை சாயம் போனா பொடவை தான் போவும். இது போனா உன் புருசன் குரலு போயிடும். பொரட்டாம எப்டி? டயோடுன்னு கேட்டா ஒருத்தன் சாதா டயோட எடுத்து குடுக்கறான். அது அறுபதாயிரம் தடவைக்கு தாங்குமா? கதவ மூடிட்டு வர்றதுக்குள்ள அடுத்த ஆளு உள்ள பூந்துடறான். மொத தடவ போட்டு பாத்தேன். முட்டை ஆம்லெட்டு போடலாம், அவ்ளோ சூடு. ஷாட்கின்னு ஒண்ணு இருக்குது, சட்டுனு மூடும். அதுலயும் நூறு வோல்ட்டு தாங்கறது தான் வேணும்னு நின்னு வாங்கியாந்தேன். கெபாசிட்டரும் எண்பத்தஞ்சி டிகிரி வேணாம், நூத்தியஞ்சி டிகிரி குடுன்னேன். உங்க ஊர்ல எரிமலை இருக்குதா சாருன்னு கேக்கறான் கடைக்காரன்.

— நீ இன்னா சொன்ன?

— எரிமலை இல்ல, அஞ்சம்மான்னு ஒருத்தவங்க இருக்கறாங்கன்னேன்.

— வாய் மட்டும் நூத்தியஞ்சி டிகிரி. இன்னும் கடிக்கறத நிறுத்தல நீ.

— அதுக்கு தான் வர்றேன். செகண்டுக்கு அறுபதாயிரம் தடவ மடைய தொறந்து மூடினா சத்தம் வருமா வராதா? வரும். நம்ம காதுக்கு இல்ல, செட்டு காதுக்கு. அதான் போன வாரம் பூரா செட்டுல எண்ணெயில வடை போட்ட மாதிரி இரைஞ்சிது. அந்த சத்தத்த வடிச்சி எடுக்க ரெண்டு நீல கெபாசிட்டரு போட்டு, பொட்டி இரும்போட சேத்துட்டேன். அது சத்தத்த வாங்கி மண்ணுக்கு கொண்டு போவணும். நான் மண்ணுக்கு வழி வுடல. எர்த்து குடுக்கல. அதனால வழி இல்லாம, யாரு வெறுங்காலோட தொடறாங்களோ அவங்க வழியா எறங்குது.

— அப்போ இத்தினி நாளு நான் தான் எர்த்தா?

— நீ தான் எர்த்து. கொஞ்சூண்டு கரண்டு தான், ஆள ஒண்ணும் பண்ணாது. ஆனா கடிக்கும்.

— எனக்கு பயம்னு சொன்னியே, அத எங்க வடிப்ப?

— அதையும் சேத்து மண்ணுல வுட்டுடறேன். மெயின் சுச்ச ஆப் பண்ணிட்டேன். அந்த பையில செம்பு கம்பி இருக்குது, எடு. தடியா இருக்குது பாரு, அது. இரும்பு வேணாம். இரும்புக் கம்பிய இங்க அடிச்சா அடுத்த மாசம் துரு தான் இருக்கும். சுத்திய குடு. சன்னலுக்கு வெளிய அடிக்கறேன்.

— ஏம்பா, அவ்ளோ சுலபமா எறங்குது?

— அதான் யக்கா கொடுமை. எங்க ஊர்ல எர்த்து குடுக்கணும்னா ஆள் ஒசரத்துக்கு குழி தோண்டி, கரிய கொட்டி, உப்ப கொட்டி, கோடைல டெய்லி கொடம் கொடமா தண்ணி ஊத்தணும். இங்க உப்பும் தண்ணியும் கலந்து கடவுளே ரெடியா வெச்சிருக்கறாரு. ஜில்லாவுலயே நல்ல எர்த்து இந்த மணலு தான். அது மேல ஒக்காந்துகினு எர்த்து குடுக்க மறந்தவன் நான் ஒருத்தன் தான்.

— சொல்ல மாட்டேன், யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன். சுலோசனா கிட்ட மட்டும் சொல்லிக்கறேன்.

— சொல்லு, சொல்லு. ஒயர இழுத்து பொட்டில முறுக்கிட்டேன். சுச்சி போடறேன். இப்ப தொடு.

— நீ தொடு. வெறுங்காலோட.

— தொட்டுட்டேன். கடிக்கல. நீ தொடு.

— ம். கடிக்கல. ஆனா இன்னாப்பா, செட்டு செத்துப் போச்சே. சத்தத்தையே காணோம்.

— சாவல யக்கா. வெளக்கு எரியுது பாரு. இரைச்சலு போயிடுச்சி. சும்மா இருக்கற செட்டு இப்டித்தான் இருக்கும். நீ இதுவரைக்கும் கேட்டதே இல்ல.

— அஞ்சம்மா, அஞ்சம்மா, செல்லப்பன் பேசறேன், ஓவர். கேக்குதா, ஓவர். இன்னா பண்ற, ஓவர்.

— யோவ். கேக்குதுய்யா. காதுகிட்ட வந்து பேசற மாதிரி கேக்குது. ஒரு ஓவரு போதும், வார்த்தைக்கு வார்த்தை எதுக்கு?

— சரி, ஓவர். கரையில தண்ணி எங்க நிக்குது, ஓவர்.

— தண்ணி அங்கயே தான் நிக்குது. எங்க போவும்? படகு கட்ற கம்பத்துக்கு கீழ தான் இருக்குது. நீ எங்க இருக்கற?

— கரைப்பக்கம் பெருமுக்கல் மலை பாதி தான் தெரியுது. பிரபாகரனும் குப்புசாமியும் முன்னால ஒக்காந்துகினு பாட்டு பாடறானுங்க. இன்னிக்கி கல்ல தாண்டிடலாம்னு ஒரே குஷி, ஓவர்.

— யக்கா, கேட்டியா? குப்புசாமி பாடறது கூட பின்னால கேக்குது. சுதி சேரல, ஆனா கேக்குது. அந்த மைக்க கொஞ்சம் என்கிட்ட குடு. அண்ணே, மெக்கானிக்கு பேசறேன். நான் சொல்றது எப்டிண்ணே இருக்குது?

— ஜம்முனு இருக்குதுப்பா. கோயில் மைக்கு மாதிரி இருக்குது, ஓவர்.

— கடலுக்கு நடுவுல நின்னுகினு கரையில தண்ணி எங்கன்னு எங்கள கேக்கறியேண்ணே, நாங்க இல்ல உன்ன கேக்கணும்?

— இங்க தண்ணி எங்க போவும்? கரையில தான பாக்கணும். சரி, போறேன், ஓவர்.

— கேட்டியா பேச்ச? எப்ப கூப்ட்டாலும் இதே கேள்வி தான் உங்க ஊட்டுக்காரருக்கு. சரி, இன்னிக்கி வஞ்சிரம் வந்தா எனக்கு ஒரு துண்டு. நடுத்துண்டு.

— தலையவே தர்றேன். எர்த்த மறந்த உன் தலைக்கு அது தான் பொருத்தம். ஏம்பா, உப்பு காத்து இருக்குதே, இதுவும் அந்த பழைய பொட்டி மாதிரி பச்சை பூத்துடுமா?

— பூக்காது. போர்டுக்கு ரெண்டு கை வார்னிஷ் அடிச்சி, காய வெச்சி, மறுபடியும் அடிச்சிருக்கறேன். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல எடம் தாராளமா வுட்டிருக்கறேன். நெருக்கமா போட்டா உப்பு ஈரம் புடிச்சி கரண்டு குறுக்கால பாஞ்சிடும். இந்த பொட்டில இனிமே போவறதுக்கு ஒண்ணுமில்ல. கணக்குப்படி...

— அஞ்சம்மா, செல்லப்பன் பேசறேன், ஓவர்.

— சொல்லுய்யா.

— மலை உச்சி மட்டும் தெரியுது. அரிசி மணி மாதிரி. தண்ணி எங்க நிக்குது?

— அங்கயே தான்யா. கம்பத்த கூட தொடல. நீ போ. கல்லு இதோ வந்துடுச்சி.

— சரி. போறேன். ஓவர்.

— யக்கா, இதுவரைக்கும் இவ்ளோ தூரம் கேட்டதுண்டா?

— இல்லப்பா. இதுல பாதியில இரைஞ்சி இரைஞ்சி போயிடும். திரும்பி வந்துடுவாரு. பொண்டாட்டிக்கு பயம், நான் இன்னா பண்ணட்டும்னு பசங்க கிட்ட சொல்லுவாரு. மீன் ஏலத்துக்கு போனா என்ன பாத்து தான் சிரிப்பாங்க. புருசன கயித்துல கட்டி வெச்சிருக்கறாளாம், கயிறு நீளம் பத்தலியாம். இன்னிக்கி வரட்டும். வஞ்சிரத்த கூடையில வெச்சி ஏலத்துல எறக்கறேன். யாரு சிரிக்கறாங்கன்னு பாக்கறேன்.

— அஞ்சம்மா. அஞ்சம்மா.

— சொல்லுய்யா, கேக்குது.

— அஞ்சம்மா, மலை மறைஞ்சிடுச்சி. ஒரே தண்ணி தான் தெரியுது. உன் குரலு சரியா கேக்கல.

— கேக்கலியா? இன்னாப்பா மெக்கானிக்கு, கேக்கலன்றாரு.

— இரு இரு. நீ பட்டன அமுக்கி பேசு, நான் மீட்டர வெக்கறேன். பேசிகினே இரு.

— யோவ், இப்ப கேக்குதா? நான் பேசறேன்யா. காலைல கஞ்சி குடிச்சியா?

— குடிச்சிட்டேன். சரியாவே கேக்கல அஞ்சம்மா. கரகரன்னுது.

— பதிமூணு புள்ளி எட்டு வோல்ட்டு. நீ அமுக்கும்போதும் பதிமூணு புள்ளி எட்டு. முள்ளு ஆடவே இல்ல யக்கா. பொட்டி கல்லு மாதிரி நிக்குது. ஆன்டனா ஒயரு இறுக்கமா இருக்குது. இன்னொரு தடவ பேசு.

— நண்டு தொக்கு வெச்சேனே, பசங்களுக்கும் குடுத்தியா?

— குடுத்துட்டேன். குப்புசாமி ரெண்டு தடவ வாங்கிகினான். ஒண்ணும் கேக்கலடி. நான் திரும்பறேன்.

— யக்கா.

— இரு, பேசாத.

— இல்ல யக்கா, கேளு. நம்ம பக்கம் இரைச்சலு இருந்தா நம்ம காதுக்கு தான கேக்காம போவும்? நம்மளுக்கு அவரு மூச்சு வுடறது கூட கேக்குது. கேக்கலன்ற ஆளு, நீ தொக்கு கேட்டா தொக்குக்கு பதில் சொல்றாரு. கஞ்சி கேட்டா கஞ்சிக்கு சொல்றாரு. கணக்குப்படி...

— கணக்க நிறுத்துப்பா கொஞ்சம்.

— அஞ்சம்மா, தண்ணி எங்க நிக்குது? இருக்கறியா? அஞ்சம்மா?

— இன்னாக்கா, கூப்புடறாரு பாரு. ஏன் மைக்க கீழ வெச்சிட்ட?

— அலை வந்தப்போ அவரு அங்க தான்பா இருந்தாரு.

— எங்க?

— பெரியகல்லுல. படகுக்கு அடியில அலை போனது கூட தெரியலயாம். நல்ல வஞ்சிரம் வேற அன்னிக்கி. பாட்டு பாடிகினு தான் திரும்பியிருக்கறாங்க. மலை தெரிஞ்சிதாம், தென்னை மரம் தெரிஞ்சிதாம், ஊரு மட்டும் இல்லியாம். எங்க மாமியார சவுக்கு தோப்புல எடுத்தாங்க. என்ன சாய்ந்திரம் வரைக்கும் தேடியிருக்கறாரு. நான் உப்பள ஆபீஸ் மாடியில, காலு ஒடிஞ்சி படுத்துகினு இருந்தேன்.

— அதான் தண்ணி எங்கன்னு கேட்டுகினே இருக்கறாராக்கா?

— நான் சத்தியம் கேட்டப்போ உடனே கற்பூரத்துல அடிச்சாருன்னு சொன்னேன்ல. ஒரு பேச்சி பேசல, ஏன்னு கேக்கல. அப்பவே எனக்கு புரிஞ்சிருக்கணும். நான் என்னவோ எனக்கு தான் பயம்னு நெனச்சிகினு இருந்தேன்.

— பசங்க ரெண்டு பேரும் படகுல இருக்கறாங்கக்கா. நாளைக்கு போயிடுவாங்களே.

— போவட்டும். நாளைக்கு கதைய நாளைக்கு பாக்கலாம். அவரு கையில இருக்கறது சின்ன செட்டு, காதுல ஒட்ட வெச்சி பேசறது. மோட்டாரு சத்தத்துல முன்னால இருக்கறவங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. கேக்குதுன்னு தெரிஞ்சே கேக்கலன்னாரு செல்லப்பன்னு நாளைக்கு ஒருத்தன் வாயில வந்துச்சின்னா, அந்த மனுசன் ஊர்ல தலை தூக்க மாட்டாரு.

— இன்னா பண்ணலாம்ன்ற?

— உன்ன தான் ஒண்ணு கேக்கணும். உன் பொட்டி தங்கம்பா. எனக்கு தெரியும், எல்லையம்மாவுக்கு தெரியும். ஆனா சரியில்லன்னு ஊரே சொல்லும். நானே அப்டி சொல்லட்டுமா?

— இத்தினி நாளு ராத்திரி பகலா... சரி. சொல்லுக்கா. டப்பா பொட்டின்னே சொல்லு. ஏற்கெனவே வெடிச்ச பேரு தான இருக்குது எனக்கு.

— யோவ், செட்ட பிரபாகரன் கிட்ட குடு.

— அக்கா, பிரபாகரன் பேசறேன். அண்ணன் கேக்கலன்னு சொல்றாரு, எனக்கு நல்லா கேக்குது, ஓவர்.

— பிரபாகரா, நீ இன்னா சொல்றன்னு ஒண்ணும் என் காதுல உழலப்பா. நான் பேசறது தான் உங்களுக்கு வருது போல. உங்கண்ணன் பேசனதும் எனக்கு கேக்கல, அதத்தான் அவரு உங்க கிட்ட சொல்லியிருப்பாரு. மெக்கானிக்கு பொட்டி மறுபடியும் மக்கர் பண்ணிடுச்சி. எனக்கு பயமா இருக்குது தம்பி, உங்கண்ணன கரைக்கு கூட்டிகினு வந்துடுங்க, ஓவர்.